பத்தொன்பது நாள்

டீச்சர்னு சொன்னீங்க. நிஜமாவே டீச்சர்தானே? தப்பா நெனைக்காதீங்க. டெல்லியில தமிழ்ப் பள்ளிக்கூடம், சமூக அறிவியல் பாடம், சரி. வீட்டுக்காரர் ரயில்வே. கோர்ட்டு, போலீசு, பத்திரிகைன்னு அந்தப் பக்கம் சொந்தத்துல யாரும் இல்லியே? சரி. சரி.

இந்தப் பை மடியிலயே இருக்கட்டும் டீச்சர். சீட்டுக்கு அடியில வைக்கச் சொன்னீங்க, நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா வைக்க முடியாது. நேத்துலேருந்து இப்படித்தான் இருக்கேன். சாப்பாடு வந்தப்பவும் மடியிலதான். பாத்ரூமுக்கும் தூக்கிக்கிட்டுத்தான் போனேன், நீங்க பாத்து சிரிச்சீங்க. பணம் இல்ல. நகை இல்ல. ரெண்டு நோட்டு இருக்கு. ரெண்டே ரெண்டு நோட்டு. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு.

அங்க வர்றது யாரு, டிக்கெட் பாக்குறவர்தானே? கறுப்புக் கோட்டைப் பாத்தாலே இப்ப பையை இறுக்கிப் பிடிச்சுக்கிடுறேன்.

என் பேரு கோமதிநாயகம். கலெக்டர் ஆபீஸ்ல உதவியாளர். இருபத்தொம்பது வருஷ சர்வீஸ். இன்னும் ஒம்பது மாசத்துல ரிட்டையர்மெண்ட். எந்த மாவட்டம்னு கேக்காதீங்க, தெக்கத்தி மாவட்டம்னு வச்சுக்கோங்க. இருபத்தொம்பது வருஷத்துல என் மேல ஒரு மெமோ கிடையாது. ஒரு மெமோ கிடையாது டீச்சர். வர்ற தபாலை நோட்டுல பதியணும், எந்த மேஜைக்குப் போகணுமோ அனுப்பணும், போன தேதியப் போட்டு, பேரோட முதல் எழுத்துகளைச் சுருக்கொப்பமா வைக்கணும். அவ்வளவுதான் என் வேலை. யாரையும் உள்ள தள்ளுறதும் நான் இல்ல, வெளிய விடுறதும் நான் இல்ல. அத நீங்க முதல்ல மனசுல வச்சுக்கிடணும்.

உங்களுக்கு குண்டர் சட்டம் தெரியும்தானே? நீங்க பாடத்துல அடிப்படை உரிமைகள்னு நடத்துவீங்க. நானும் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிச்சு எழுதினவன்தான். பத்து மார்க் கேள்வி. சாதாரணமா ஒருத்தனைப் பிடிச்சா கேஸ் நடத்தணும், சாட்சி வேணும், ஜாமீன் உண்டு. இதுல அதெல்லாம் இல்ல. இவன் வெளிய இருந்தா ஊர் அமைதிக்குக் கேடுன்னு கலெக்டர் ஒரு உத்தரவு போட்டா போதும், ஒரு வருஷம் உள்ள இருக்கணும். விசாரணையே இல்லாம ஒரு வருஷம்.

அதுக்கு ஈடா ஒண்ணே ஒண்ணு குடுத்திருக்கு. எதுக்காகப் பிடிச்சோம்னு அவனுக்குத் தெரிஞ்ச பாஷையில எழுதிக் குடுக்கணும். அவன் பதில் எழுதலாம். நான் அப்படிப்பட்டவன் இல்ல, இன்ன காரணத்தால இது தப்புன்னு ஒரு மனு. அந்த மனுவை சர்க்கார் உடனே பாக்கணும். உடனே. அது அரசியல் சட்டத்துலயே இருக்கு. உள்ள கிடக்கிறவன் கையில இருக்கிற ஒரே சாமான் அந்தக் கடுதாசிதான். இதெல்லாம் எனக்கு முந்தாநாள்தான் புரிஞ்சுதுன்னு சொன்னா நம்புவீங்களா? பத்து மார்க்குக்கு எட்டு மார்க் வாங்கினவன் நான்.

சூசைராஜ்னு ஒருத்தன். மோட்டார் பம்பு ரிப்பேர் பாக்குறவன். நல்லான்குளம்னு ஒரு கிராமம். அங்க ஒரு ரசாயனக் கம்பெனி கழிவுத் தண்ணியை லாரியில கொண்டாந்து ராவோட ராவா குளத்துல விட்டுருது. கிணத்துல மோட்டார் போட்டா மஞ்சளாத் தண்ணி வருது. இவனுக்குத்தான் அது முதல்ல தெரியும், மோட்டாரைக் கழட்டுறவன் இவன்தானே. உள்ள பித்தளையெல்லாம் அரிச்சுப் போயிருக்கு. ஊர்க்காரங்களைக் கூட்டிக்கிட்டு நாலு தடவை லாரிய மறிச்சான். நாலு கேஸு. கடைசித் தடவை லாரிக் கண்ணாடி உடைஞ்சுது. யாரு உடைச்சாங்களோ. போன ஜூன் மாசம் குண்டர்னு உத்தரவாயிருச்சு.

அவன் ஜெயில்லேருந்து எழுதின மனு ஜூலை எட்டாம் தேதி என் மேஜைக்கு வந்துச்சு. கோடு போட்ட தாள்ல மூணு பக்கம். ஜெயில்ல குண்டூசி குடுக்க மாட்டாங்க போல, போர்வையில உருவின நூலால தாளை மூலையில தச்சிருந்தான். நான் நோட்டுல பதிஞ்சேன். எட்டாம் தேதி. அன்னைக்கே போலீசுக்கு அனுப்பிக் கருத்து வாங்கணும். அதான் முறை.

அனுப்பினது இருபத்தேழாம் தேதி.

நான் காரணமில்ல டீச்சர். வரதராஜன் சார்னு எங்க பிரிவு ஆபீசர். கொண்டுபோய்க் காட்டினேன். "அது கெடக்கட்டும்யா. தேரோட்ட பந்தோபஸ்து முடியட்டும், எஸ்.பி. ஆபீஸ்ல இப்ப யாரு இருக்கா இதைப் பாக்க?" அப்படின்னாரு. வாயாலதான் சொன்னாரு. எழுதிக் குடுக்கல. யாரு எழுதிக் குடுப்பா? நான் எடுத்துக்கிட்டு வந்து டிராயர்ல வச்சேன்.

தேர் மூணு நாள்ல முடிஞ்சுது. அப்புறம் என் மக வீடு கட்டி பால் காய்ச்சினா, நாலு நாள் லீவு. டிராயரைப் பூட்டிச் சாவி என் சட்டைப் பையில. நாலு நாள்தான். முன்னால பின்னால சனி ஞாயிறு வந்துச்சு. எட்டு நாள்னு வச்சுக்கோங்களேன். அதுக்கப்புறம் வேற வேலை. மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். அந்த டிராயர்லதான் என் பிரஷர் மாத்திரை இருக்கு. தினமும் மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தொறப்பேன். மாத்திரைக்குப் பக்கத்துல அது கிடக்கும். நூல் தெரியும்.

என்ன பாக்குறீங்க? வாரத்துக்கு அஞ்சு மனு வரும் டீச்சர். அஞ்சு பேரும் நான் நல்லவன்னுதான் எழுதுவான். எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் போகும், பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டதுன்னு. முந்திப் போனா முந்தி நிராகரிப்பாங்க, பிந்திப் போனா பிந்தி. அப்படித்தான் நெனைச்சேன்.

இருபத்தேழாம் தேதி அனுப்புறப்பதான் வாசிச்சேன். "என்னைப் பிடித்த உத்தரவில் நான் அரிவாளைக் காட்டி மிரட்டியதாகச் சொல்லப்பட்ட தேதியில், நான் என் இளைய மகளுக்குக் காய்ச்சல் என்று அரசு ஆஸ்பத்திரியில் இருந்தேன். சீட்டு இத்துடன் உள்ளது." அந்தச் சீட்டையும் சேர்த்துத் தச்சிருந்தான். ஆஸ்பத்திரி முத்திரை, தேதி, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதை நான் அனுப்பிட்டேன். அனுப்பிட்டேன்ல? அதோட என் வேலை முடிஞ்சுது. மேலேருந்து நிராகரிச்சுப் பதில் வந்துச்சு. அது மேல உள்ளவங்க பாடு.

ஐகோர்ட்டுல அவன் பொண்டாட்டி போட்ட மனு தள்ளுபடி ஆயிருச்சு. அவ விடல. இலவச சட்ட உதவி மூலமா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிட்டா. அங்க சர்க்கார் சார்புல பதில் தாக்கல் பண்ணணும். வரதராஜன் சார் என்ன பண்ணினாருன்னா, மனு வந்த எட்டாம் தேதியே போலீசுக்கு அனுப்பிட்டோம், போலீஸ்லதான் தாமதம்னு எழுதிட்டாரு. சத்தியப் பிரமாணம். அதுல மேலதிகாரி கையெழுத்து.

அப்புறம் ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாரு. கதவைச் சாத்தச் சொன்னாரு. மேஜை மேல ஒரு புது நோட்டு. "கோமதிநாயகம், ஜூலை மாசத்து தபால் நோட்டு ஈரம் பட்டு வீணாப் போச்சு இல்லியா?"

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கு."

"வீணாப் போச்சுய்யா. அதை இதுல பாத்து எழுதிரு. எல்லாத்தையும் அப்படியே எழுது. இந்த ஒரு வரிக்கு மட்டும் அனுப்பின தேதி எட்டு."

"சார், ரிட்டையர்மெண்ட் சார் எனக்கு..."

"அதுக்குத்தான் சொல்றேன். நல்லபடியா வீட்டுக்குப் போகணும் இல்லியா?"

எழுதினேன். ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல தனியா உக்காந்து, ஒரு மாசத்துத் தபாலை எழுதினேன். ஒரே பேனான்னு தெரியக் கூடாதுன்னு மூணு பேனா வச்சுக்கிட்டேன். வேர்த்து வேர்த்துத் தாள் நனைஞ்சுது. வீட்டுக்குப் போய்ச் சோறு எறங்கல. என் வீட்டுக்காரி காந்திமதி, "என்ன, யாரும் செத்துட்டாங்களா?"ன்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னேன்.

கேஸ் பட்டியல்ல வந்தப்ப, ஒரிஜினல் ஃபைலோட ஒரு ஆள் டெல்லிக்குப் போகணும்னாங்க. என்னையே அனுப்பினாரு. ரெண்டு நோட்டையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாரு, பழசை ஆபீஸ்ல விட்டுட்டுப் போக வேண்டாம்னு. யாரும் கேட்டா புதுசு. கேக்கலைன்னா ரெண்டுமே வெளிய வரக் கூடாது.

நான் அதுக்கு முந்தி சென்னையையே மூணு தடவைதான் பாத்திருக்கேன். சுப்ரீம் கோர்ட்டு வாசல்ல போய் நின்னேன். ஒரு கவுண்டர்ல பேரு எழுதி, போட்டோ எடுத்து, கழுத்துல சீட்டு மாட்டி விட்டாங்க. போனை வாங்கிக்கிட்டாங்க. ஒரு போலீஸ்காரர் பையைத் தொறந்தாரு. ரெண்டு நோட்டையும் எடுத்துப் புரட்டினாரு. தமிழ்ல இருக்கு, அவருக்கு என்ன தெரியும்? ஆனாலும் திருப்பிப் பையில வைக்கிற வரைக்கும் அவர் கையையே பாத்துக்கிட்டிருந்தேன். தூக்குத் தண்டனையை உறுதி பண்றதும் இங்கதான், ரத்து பண்றதும் இங்கதான். இங்க வந்து ஒருத்தன் பொய் நோட்டைக் காட்டுனா என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

உள்ள பின்னால பொதுஜனம் உக்கார்ற இடத்துல ஒரு ஓரமா உக்காந்தேன். முன்னால பூரா கறுப்புக் கோட்டு. கேஸு நம்பர் ஒரு போர்டுல சிவப்பா ஓடுது. பக்கத்துல யாரோ வந்து உக்காந்தாங்க. மல்லிப்பூ இல்ல, பொட்டு இல்ல, கழுத்துல ஒரு சிலுவை. நம்ம ஊர் சேலை. திரும்பிப் பாத்தேன். கிரேசம்மா.

சூசைராஜ் பொண்டாட்டி டீச்சர்!

எனக்கு அவளைத் தெரியும். எட்டு மாசமா திங்கக்கிழமை மனு நாளுக்குத் தவறாம வந்திருக்கா. தண்ணிக் குடம் வச்சிருக்கிற மூலையில ரெண்டு பிள்ளைகளோட நிப்பா. அவளுக்கு என்னைத் தெரியாது. நான் யாரு வந்தாலும் நோட்டைப் பாத்துத்தான் பேசுவேன், நிமிர மாட்டேன். அது என் பழக்கம். அன்னைக்கு அந்தப் பழக்கம் என்னைக் காப்பாத்துச்சுன்னு நெனைச்சேன்.

எந்திரிச்சு வேற இடம் போயிரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அவ, "அண்ணே, தமிழா?" அப்படின்னா.

இல்லைன்னு சொல்லியிருக்கணும். தலையாட்டிட்டேன்.

"எனக்கு வக்கீலம்மா குடுத்திருக்காங்க. நல்ல பிள்ளை. ஆனா அவங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. கையக் காட்டி உக்காருங்கன்னுட்டு முன்னால போயிட்டாங்க. எங்க கேஸ் வந்தா என்ன பேசுறாங்கன்னு மட்டும் சொல்லுவீங்களாண்ணே? உங்களுக்கு இங்கிலீசு தெரியும்தானே?"

தெரியும். இருபத்தொம்பது வருஷமா இங்கிலீசு உத்தரவைத்தான் பதியிறேன்.

"உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கம்மா" அப்படின்னேன். பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

பதினோரு மணிக்கு மேல நம்பர் வந்துச்சு. ரெண்டு ஜட்ஜு. ஒருத்தர் வயசானவர், இன்னொருத்தர் கண்ணாடிக்கு மேல பாக்குறவர். அந்த வக்கீலம்மா சின்னப் பொண்ணு, என் மகளை விடச் சின்னது. ரெண்டே நிமிஷம் பேசுச்சு. மத்த எதுவும் சொல்ல வரல, ஒரே கேள்விதான், எட்டாம் தேதி ஒரு மனு குடுத்தாரு, அது எங்க போச்சு. அவ்வளவுதான்.

கிரேசம்மா என் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்தா. "என்னண்ணே சொல்லுது?"

"உங்க வீட்டுக்காரர் எழுதின மனுவைப் பத்திப் பேசுறாங்க."

நம்ம சர்க்கார் வக்கீல் எந்திரிச்சாரு. அன்னைக்கே அனுப்பிட்டோம், காவல்துறையில நிர்வாகத் தாமதம், அப்படி இப்படின்னாரு. வயசானவர் கையைக் காட்டி நிறுத்தினாரு. சத்தமே போடல டீச்சர். அதான் பயம். எங்க ஆபீசர் சத்தம் போடுவாரு, அது பழகிப் போச்சு. இவரு நம்ம பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பேசினாரு.

"என்ன சொல்றாரு?"

"ஒரு ஆளை... விசாரணை இல்லாம பூட்டி வைக்கிறதுக்குச் சட்டம் உங்களுக்கு அதிகாரம் குடுத்திருக்கு. சரி. ஆனா அவன் எழுதின கடுதாசியப் பாக்கிறதுக்கு ஒவ்வொரு நாளும் ஏன் ஆச்சுன்னு நீங்க சொல்லணும். மொத்தமா இல்ல, ஒவ்வொரு நாளும். ஏன்னா அது அவன் உள்ள இருந்த நாள்."

இங்கிலீசுல கேட்டப்ப எனக்கு ஒண்ணும் ஆகல டீச்சர். அவளுக்குத் தமிழ்ல சொன்னப்பதான்... என் வாய்லேருந்து வந்துச்சு பாருங்க. நானே சொல்றேன், நானே கேக்குறேன்.

கண்ணாடி போட்டவர் கேட்டாரு, போலீஸ் அதைப் பாக்க ஆரம்பிச்சதே இருபத்தேழாம் தேதின்னு தாள்ல இருக்கே, அந்த மனு பத்தொன்பது நாள் எங்க இருந்துச்சு?

"என்னண்ணே கேட்டாரு?"

"மனு எங்க இருந்துச்சுன்னு கேக்குறாரு."

"எங்கண்ணே இருந்துச்சாம்?"

என் மூஞ்சியைப் பாத்துக் கேக்குறா. கோவமெல்லாம் இல்ல. பஸ்ஸு எப்ப வரும்னு கேக்குற மாதிரி கேக்குறா. எட்டு மாசமா எல்லாருகிட்டயும் கேட்டுக் கேட்டு அப்படி ஆயிருச்சு போல. நான், "ஆபீஸ்ல இருந்துச்சாம்மா" அப்படின்னேன்.

"ஆபீஸ்ல எங்க?"

மாத்திரை டப்பா ஞாபகம் வந்துச்சு.

அப்பதான் வயசானவர், பதிவேடு இருக்கா, பாக்கணும்னாரு. சர்க்கார் வக்கீலோட ஜூனியர் திரும்பித் தேடினாரு. என்னைப் பாத்துட்டாரு. விறுவிறுன்னு பின்னால வந்து, "கலெக்டர் ஆபீஸ்காரரே, ரிஜிஸ்டர் குடுங்க, சீக்கிரம்" அப்படின்னாரு. தமிழ்லதான். கிரேசம்மா என்னைப் பாத்தா. சட்டையைப் பிடிச்சிருந்த கையை எடுத்துட்டா.

பைக்குள்ள கையை விட்டேன். ரெண்டு நோட்டும் கைக்குத் தட்டுப்படுது. நல்லாக் கேட்டுக்கோங்க, நாளைக்கு யாராச்சும் உங்ககிட்ட கேட்டாலும் இதையேதான் சொல்லணும். எனக்குக் கை நடுங்கிருச்சு. கண்ணு இருட்டிருச்சு. எதை எடுத்தேன்னே எனக்குத் தெரியாது. பதட்டத்துல கைக்கு வந்ததை எடுத்துக் குடுத்துட்டேன். ஆபீசர்கிட்டயும் இதைத்தான் சொல்லப் போறேன். விசாரணை வச்சாலும் இதைத்தான் சொல்லப் போறேன்.

இல்ல, புதுசுக்கு பிளாஸ்டிக் அட்டை, வழவழன்னு இருக்கும். பழசு காக்கித் துணி பைண்டிங், முதுகுல நூல் பிரிஞ்சு தொங்கும். தொட்டாலே தெரியும். இருட்டுல குடுத்தாலும் சொல்லிருவேன். ஆனா பதட்டத்துல யாருக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்க.

ஜட்ஜு ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தாங்க. தமிழ் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் பக்கத்துல போய் நின்னு வாசிச்சுச் சொன்னாரு. வந்த தேதி எட்டு. அனுப்பின தேதி இருபத்தேழு. பக்கத்துல என் சுருக்கொப்பம். கோ.நா. சர்க்கார் வக்கீல் மூஞ்சி வெளிறிப் போச்சு. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது, எழுதிக் குடுத்ததைப் படிச்சாரு.

வயசானவர் அங்கயே உத்தரவு சொல்ல ஆரம்பிச்சாரு. ஒருத்தர் வேகமா எழுதுறாரு. ஒவ்வொரு வரியா நான் கிரேசம்மாவுக்குச் சொன்னேன். அவ கேக்கல, நானாத்தான் சொன்னேன். தடுப்புக் காவல் உத்தரவு ரத்து. தாமதத்துக்குக் காரணம் சொல்லப்படல. சொன்ன காரணம் உண்மையில்ல. வேற வழக்குல தேவையில்லைன்னா அவரை உடனே விடணும்.

"உடனேன்னா எப்பண்ணே?"

"உடனேம்மா."

"இல்ல, எல்லா ஆபீஸ்லயும் உடனேன்னுதான் சொல்வாங்க. அதான் கேட்டேன். எப்ப?"

"இவங்க சொன்னா உடனேதான்" அப்படின்னேன். அவளுக்கு நம்பிக்கை வரல. சேலை முந்தானையை வாய்ல வச்சுக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அழல.

உத்தரவு அதோட முடியல. அதான் எனக்குச் சனி. பொய்யா சத்தியப் பிரமாணம் தாக்கல் பண்ணினது யாரு, மனுவை வச்சிருந்தது யாரு, நாலு வாரத்துல விசாரிச்சு அறிக்கை குடுக்கணும்னு சென்னையில உள்துறை செக்ரட்டரிக்கு உத்தரவு. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கிட்டு நோட்டைத் திருப்பிக் குடுத்தாங்க. ஜூனியர் வக்கீல் என் மடியில வச்சாரு. சூடா இருந்த மாதிரி இருந்துச்சு.

பெரிய கோர்ட்டு என்ன டீச்சர், அதுக்கு யாரையும் தெரியாது. வரதராஜனையும் தெரியாது, என்னையும் தெரியாது. என் பேரு கூட அந்த உத்தரவுல இல்ல. பத்தொன்பது நாள்னு மட்டும்தான் இருக்கு. அந்தப் பத்தொன்பது நாளும் இனிமே எங்க போகும்? புஸ்தகத்துல அச்சாகும். வேற எவனோ ஒருத்தன் எந்த ஊர் ஜெயில்லயோ இருப்பான், அவன் வக்கீல் எந்திரிச்சு, அந்தக் கேஸ்ல பத்தொன்பது நாளுக்கே விட்டாங்க, எங்களது இருபத்திரண்டு நாள்னு சொல்வாரு. என் டிராயரைக் காட்டி ஆளுகளை வெளிய விடுவாங்க. நான் செத்த பிறகும் விடுவாங்க. நல்லதுதான். நல்லதுதான்னு சொல்றேன். ஆனா என் பென்ஷன்?

சூசைராஜா? விட்டுட்டாங்க. நேத்து சாயங்காலமே வெளிய வந்துட்டான். ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர் போன் பண்ணினாரு. வாசல்ல ஊர்க்காரங்க லோடு ஆட்டோ கொண்டுவந்து நின்னாங்களாம். இளைய பிள்ளை அவனைக் கிட்ட விடலியாம், அடையாளம் தெரியல. எட்டு மாசத்துல அவ்வளவு மெலிஞ்சுட்டான் போல. அதுக்கு மேல நான் கேக்கல. வச்சுட்டேன்.

ஆபீசரும் போன் பண்ணினாரு. முதல் ரெண்டு தடவை எடுத்தேன். முதல் தடவை திட்டினாரு, அது பரவாயில்ல. ரெண்டாவது தடவை திட்டல. "பத்திரமா வாங்க கோமதிநாயகம், ரெண்டு நோட்டையும் பத்திரமாக் கொண்டு வாங்க, நேரா என் வீட்டுக்கு வாங்க" அப்படின்னாரு. நேரா வீட்டுக்கு. ஏன் டீச்சர் வீட்டுக்கு? அப்பலேருந்து இந்தப் பை மடியிலேருந்து இறங்கல. வீட்டுக்கு நான் போக மாட்டேன். ரயில் எறங்கினதும் நேரா செக்ரட்டரி ஆபீசுக்குப் போய் ரெண்டையும் குடுத்துரலாம்னு ஒரு நேரம் தோணுது. புதுசு என் கையெழுத்துல்ல இருக்கு? மூணு பேனால எழுதினது நான்தானே? குடுத்தா எனக்கு என்ன ஆகும்? குடுக்கலைன்னா என்ன ஆகும்? நாக்பூர்லேருந்து இதையே யோசிச்சுக்கிட்டு வர்றேன். நீங்க படிச்சவங்க. இப்ப சொல்லாதீங்க, யோசிச்சு சொல்லுங்க.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.

கேஸ் முடிஞ்சு வெளிய வந்தேன். அந்தத் தூண் எல்லாம் இருக்கிற நீள வராந்தாவுல வேகமாப் போறேன். பின்னால, "அண்ணே! அண்ணே!"ன்னு கூப்பிடுறா. நின்னா அடிப்பாளோன்னு பயம். ஓடினா அங்க உள்ள போலீஸ்காரங்க பிடிப்பாங்களோன்னு பயம். நின்னேன்.

மூச்சு வாங்க வந்து நின்னா. "நீங்க அந்த ஆபீஸ்காரரா அண்ணே?"

"ஆமாம்மா."

"திங்கக்கிழமை, நோட்டைப் பாத்துக்கிட்டே இருப்பீங்களே, அவரா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாத்தா. சரி, கேக்கப் போறான்னு நெனைச்சேன். யாரு டிராயர்ல இருந்துச்சுன்னு கேக்கப் போறா. கோ.நா. யாருன்னு கேக்கப் போறா. ஆனா அவளுக்கு அந்தச் சுருக்கொப்பமெல்லாம் தெரியாது டீச்சர், அது இங்கிலீசுல பேசினாங்க, அதை மட்டும் நான் தமிழ்ல சொல்லாம விட்டுட்டேன்.

"அந்த நோட்டை நீங்க குடுத்ததாலதான் விட்டாங்கன்னு வக்கீலம்மா கையக் காட்டிச் சொன்னாங்க. உங்களுக்கு இதால எதுவும் தொந்தரவு வராதாண்ணே? பிள்ளைகுட்டி இருக்கா?"

இதுவரைக்கும் யாரும் என்கிட்ட அதைக் கேக்கல. காந்திமதிகிட்ட நான் சொல்லவே இல்ல. ஒண்ணும் வராதும்மான்னேன்.

"உங்க பேரைச் சொல்லுங்கண்ணே. அவருகிட்டச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை கோயில்ல உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணச் சொல்லணும். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு."

பேரைச் சொன்னா, பேரு ஊர்ல தெரியும். ஊர்ல தெரிஞ்சா பத்திரிகைக்காரன் வருவான். அவளே ஒரு நாள் யாருகிட்டயாச்சும் அந்தக் கோ.நா. என்னன்னு கேப்பா. இதெல்லாம் அந்த ஒரு நொடியில தோணுச்சு. வாயில என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன்.

"வரதராஜன்."

"வரதராஜன்" அப்படின்னு அவ சொல்லிப் பாத்தா. மறந்துரக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னா. கும்பிட்டுட்டுத் திரும்பிப் போனா. பத்தடிதான் போயிருப்பா, கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பா. நான் கூப்பிடல.

இன்னைக்கு வியாழன். நாளைக்கழிச்சு மறுநாள் ஞாயிறு. நல்லான்குளத்துல அவளும் அவனும் ரெண்டு பிள்ளைகளும் முழங்கால் போட்டு, ஊரே சேர்ந்து ஜெபம் பண்ணுவாங்க. வரதராஜனுக்கு ஒரு ஆபத்தும் வரக் கூடாது, வரதராஜன் வேலை நல்லபடியா முடியணும், வரதராஜன் பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு. எல்லாம் அந்த ஆளுக்குப் போய்ச் சேரும் டீச்சர்.